இலவசத் தொலைக்காட்சியில் தமிழின் இடம்: மன்றத்துப் பெட்டியிலிருந்து இலக்கவியல் ஒளிபரப்பு வரை

மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி முற்றாக நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் லங்காவித் தீவில் தொடங்கிய நிறுத்தம், தீபகற்பம் முழுவதும் வட்டாரம் வட்டாரமாக நடந்தேறி, இறுதியில் சபா, சரவாக்கில் முடிவுற்றது. 1963 முதல் ஏறக்குறைய 56 ஆண்டுகள் நீடித்த ஒரு முறை அத்துடன் மறைந்தது. இன்று ஏரியல் வழி வீட்டுக்கு வரும் ஒளிபரப்பு அனைத்தும் இலக்கவியல் ஒளிபரப்பே.

அஸ்ட்ரோ இணைப்பு வைத்திருந்த வீடுகளில் அன்றிரவு எந்த மாற்றமும் தெரியவில்லை. மாதக் கட்டணம் கட்ட இயலாமல் கூரைமேல் இருக்கும் ஏரியலை நம்பியிருந்த வீடுகளில்தான் திரை வெறுமையானது. தோட்டங்களிலும் கம்பங்களிலும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் தமிழர்களில் ஒரு பகுதியினர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.

இலக்கவியல் முறை வந்தால் அலைவரிசைகள் பெருகும் என்று சொல்லப்பட்டது, பெருகவும் செய்தன. அந்தப் பெருக்கத்தில் தமிழுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதே நம் சமூகம் கேட்க வேண்டிய கேள்வி.

சமூகத் தொலைக்காட்சி என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. முதலாவது, பொது இடத்தில் ஊர் கூடிப் பார்க்கும் தொலைக்காட்சி. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு சமூகத்திற்காக, அதன் மொழியில் நடத்தப்படும் அலைவரிசை. மூன்றாவது, ஒரு சமூகமே உரிமம் பெற்று, தன் ஆட்களைக் கொண்டு நடத்தும் நிலையம்.

மலேசியத் தமிழர்களுக்கு முதலாவது கிடைத்து மறைந்தது. இரண்டாவது பெரும்பாலும் துணைக்கோள வழியாகவே கிடைத்தது. மூன்றாவது இன்றுவரை இணையத்தைத் தாண்டி வரவில்லை.

மன்றத்துப் பெட்டிக் காலம்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே அதன் முதல் நிலையம். அதே ஆண்டில் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பர் 17ஆம் தேதி வந்தது. வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் அறிமுகமானது.

தொடக்கக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாத பொருள். பெட்டிக்கு ஆண்டு உரிமமும் எடுக்க வேண்டும். பல தோட்டங்களில் மின்சாரமும் நாள் முழுதும் கிடையாது. நிர்வாகம் ஜெனரேட்டரை ஓட்டும் மாலை நேரங்களில் மட்டுமே விளக்கு எரியும். ஆகவே மன்றத்திலோ மண்டபத்திலோ வைக்கப்பட்ட ஒரே பெட்டியின் முன் தோட்டமே கூடியது. அதற்கு முன்பே, தகவல் இலாகாவின் வண்டி வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது சேர்ந்து பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். சிங்கப்பூரிலும் சமூக மன்றங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளைச் சுற்றி இப்படியே கூட்டம் கூடியது.

பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. பெட்டியின் விலையும் இறங்கியது. 1980களில் வீடியோ கடைகளில் தமிழ்ப்பட ஒளிநாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. மன்றத்துப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் அவரவர் வீட்டு வரவேற்பறைக்குப் போனார்கள்.

டிவி2 முதல் வானவில் வரை

அரசாங்கத் தொலைக்காட்சியில் தொடக்கக் காலத்திலிருந்தே மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழுக்கும் இடம் இருந்தது. செய்தி, திரைப்படம், உள்ளூர் நிகழ்ச்சி ஆகியவை அதில் அடங்கும். ஆயினும் அது பங்கு வைக்கப்பட்ட இடம். பல மொழிகளுக்கு உரிய டிவி2இல் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்தால் அடுத்த மொழி வந்துவிடும். வானொலியில் நிலைமை வேறு. இன்று மின்னல் எஃப்எம் என்ற பெயரில் இயங்கும் ஆர்டிஎம் தமிழ்ச்சேவை, தனி அலைவரிசையாகவே வளர்ந்தது.

1984 ஜூனில் டிவி3 வந்தபோது தனியார் தொலைக்காட்சி யுகம் தொடங்கியது. அதன் பிறகு வந்த என்டிவி7, 8டிவி, டிவி9 ஆகியவை விளம்பர வருமானத்தை நம்பி நடந்தவை. நாட்டு மக்களில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காடு. அந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் விளம்பரதாரர், மாலை நேரத்தைத் தமிழுக்குத் தர முன்வருவது கடினம்.

முழு நேரத் தமிழ் அலைவரிசை என்ற கனவு 1996இல் அஸ்ட்ரோவோடு நனவானது. மெஸாட் துணைக்கோளம் விண்ணுக்குச் சென்ற அந்த ஆண்டில் வானவில் தொடங்கியது. தமிழ்நாட்டு அலைவரிசைகளும் வீடு தேடி வந்தன. உள்ளூர் நடிகர்கள், அறிவிப்பாளர்கள், இயக்குநர்கள் எனப் பலர் இதன் வழி வளர்ந்தார்கள். விலை மட்டும் மாதாமாதம் வந்தது. 2012 பிப்ரவரியில் அறிமுகமான என்ஜோய் சேவை, தட்டையும் டிகோடரையும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணமின்றிச் சில அலைவரிசைகளைப் பார்க்க வழி செய்தது. வானவிலும் அதில் இடம்பெற்றதால் பல எளிய குடும்பங்களுக்கு அது உதவியாக அமைந்தது.

துணைக்கோள ஒளிபரப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். இடியும் மழையுமாக இருக்கும் மாலையில் படம் அறுந்து போவது மலேசியர் அனைவரும் அறிந்ததே. கோபுரத்திலிருந்து ஏரியலுக்கு வரும் தரைவழி அலைகளை மழை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. இலவசத் தரைவழி ஒளிபரப்பில் தமிழ் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலக்கவியல் முறை எப்படி வேலை செய்கிறது?

அனலாக் முறையில் ஓர் அலைவரிசைக்கு ஒரு முழு அதிர்வெண் தடம் தேவை. ஒரு லயம் முழுவதையும் ஒரே குடும்பம் பிடித்துக்கொண்டிருந்ததைப் போன்றது அது. இலக்கவியல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கி அனுப்பப்படுகின்றன. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அதே தடத்தில், சாதாரணத் தரத்தில் பத்துக்கும் மேற்பட்ட அலைவரிசைகளைக் குடியேற்ற முடியும். உயர்தரப் படம் வேண்டுமானால் எண்ணிக்கை குறையும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றுவது டிவிபி-டி2 என்ற ஒரே தொழில்நுட்பத் தரம்.

பார்ப்பவருக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றும் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும். ஆனாலும் ஆளைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம். இலக்கவியலில் ஓரளவுக்குச் சிக்னல் இருந்தால் படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ‘முன்பு மங்கலாகவாவது தெரிந்தது, இப்போது ஒன்றுமே தெரியவில்லை’ என்று குன்றுகளுக்கு இடையில் வாழ்பவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

மாற்றம் நடந்த விதம்

நாடு முழுவதற்கும் ஒரே இலக்கவியல் ஒளிபரப்புக் கட்டமைப்பை அமைக்கும் பொறுப்பு, 2014இல் மைடிவி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் இலவசச் சேவை மைஃப்ரீவியூ என்ற பெயரில் 2017 ஜூனில் தொடக்கம் கண்டது. ஈராண்டுக்கும் மேலாக அனலாக்கும் இலக்கவியலும் அருகருகே இயங்கின. பின்னர் அனலாக் நின்றது. அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாக வழங்கப்பட்டது. தரைவழிச் சிக்னல் எட்டாத இடங்களுக்குத் துணைக்கோள வழி ஏற்பாடு செய்யப்பட்டது.

அரசாங்கங்கள் இதில் அக்கறை காட்டியதற்குத் தெளிவான படம் மட்டும் காரணமல்ல. தொலைக்காட்சி காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி, கைப்பேசிச் சேவைக்குப் பொன் போன்றது. அந்த அலைகள் தொலைதூரம் செல்லும். சுவர்களையும் எளிதில் ஊடுருவும். மலேசியாவின் 5ஜி சேவை இன்று பயன்படுத்தும் அலைகளில் அதுவும் ஒன்று. ஆக, பழைய தொலைக்காட்சி அலைகள் நாட்டின் சொத்தாகக் கைமாறி வேறு பயனுக்குப் போயின. அந்த ஆதாயத்தில் ஒரு சிறு பங்கு எளிய மக்களின் மொழி ஒளிபரப்புக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டில் படம் வராவிட்டால்

முதலில் பார்க்க வேண்டியது தொலைக்காட்சியை. டிவிபி-டி2 வசதி உள்ளே பொருத்தப்பட்ட பெட்டிக்குத் தனி டிகோடர் தேவையில்லை. பழைய பெட்டியாக இருந்தால் டிகோடரை இணைத்துப் பயன்படுத்தலாம். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அடுத்தது ஏரியல். முன்பு பல வீடுகளில் இருந்தவை நீண்ட கம்பிகளைக் கொண்ட விஎச்எஃப் ஏரியல்கள். இலக்கவியல் ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைகளில் வருவதால், குறுகிய கம்பிகளைக் கொண்ட யுஎச்எஃப் ஏரியல் தேவை. அது ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கி இருக்க வேண்டும். செம்பனை மரங்கள் உயர்ந்து வீட்டை மறைத்திருந்தால் ஏரியலை மரத்துக்கு மேல் உயர்த்திக் கட்டுவது நல்லது. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த கேபிள் துருப்பிடித்திருந்தால் அதை மாற்ற வேண்டும்.

ஏரியலைச் சரிசெய்த பின் ரிமோட்டில் அலைவரிசைத் தேடலை மீண்டும் ஒருமுறை ஓடவிட வேண்டும். பல வீடுகளில் முதியவர்கள் ‘டிவி கெட்டுவிட்டது’ என்று ஒதுக்கி வைப்பது, தேடல் செய்யப்படாத நல்ல பெட்டிகளையே. பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து கொடுத்தால் போதும்.

சிங்கப்பூர் சென்ற வழி

அண்டை நாட்டில் தமிழ் ஒளிபரப்பு வேறு பாதையில் வளர்ந்தது. தொடக்கத்தில் 8ஆம் ஒளிவழியில் சீனத்தோடு இடம் பகிர்ந்த தமிழ், பின்னர் 12ஆம் ஒளிவழிக்குச் சென்றது. 2000 ஜனவரி 30ஆம் தேதி வசந்தம் சென்ட்ரல் தொடங்கியது. அப்போதும் அது குழந்தைகள் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே ஒளிவழியைப் பகிர்ந்துகொண்டது. 2008 அக்டோபர் 19ஆம் தேதி வசந்தம் தனி ஒளிவழியானது. 2013 டிசம்பரில் மீடியாகார்ப் தன் ஏழு ஒளிவழிகளையும் இலக்கவியலுக்குக் கொண்டுசென்றபோது வசந்தமும் சமமாக அவற்றோடு சென்றது. அங்கு அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தில் நின்றது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு டிகோடரும் ஏரியலும் இலவசமாகப் பொருத்தித் தரப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினரே. விளம்பரக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் வசந்தம் பிறந்திருக்காது. தமிழ் அதிகாரத்துவ மொழி என்பதாலும், பொதுச்சேவை ஒளிபரப்புக்கு அரசாங்கம் நிதி ஒதுக்குவதாலும் அந்த ஒளிவழி நிலைக்கிறது. சிறிய சமூகத்துக்கு முழு அலைவரிசை கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு, பாலம் தாண்டினால் பதில் கிடைக்கும்.

ஆஸ்திரேலியா சொல்லும் பாடம்

சமூகமே நடத்தும் நிலையம் என்ற மூன்றாம் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியா. மெல்பர்னில் 1994 முதல் 31ஆம் அலைவரிசை சமூகத் தொலைக்காட்சியாக இயங்கி வருகிறது. புலம்பெயர்ந்த பல இனத்தார் தங்கள் மொழியில் நிகழ்ச்சி தயாரித்து அதில் ஒளிபரப்பியிருக்கிறார்கள். சிட்னி, பிரிஸ்பன், பெர்த், அடிலெய்டு நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் இருந்தன.

அங்கு 2010 முதல் 2013 வரை வட்டாரம் வட்டாரமாக அனலாக் நிறுத்தப்பட்டது. சமூக நிலையங்களுக்கு இலக்கவியல் இடம் தற்காலிகமாகவே தரப்பட்டது. 2014இல், இவை அலைகளைக் காலி செய்து இணையத்துக்குச் செல்ல வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. நிலையங்கள் போராடிப் பலமுறை கால நீட்டிப்புப் பெற்றன. ஆயினும் சிட்னி, பிரிஸ்பன், பெர்த் நிலையங்கள் தரைவழி ஒளிபரப்பிலிருந்து விலகின. மெல்பர்னும் அடிலெய்டும் தாக்குப்பிடித்தன. இலக்கவியல் மாற்றத்தின்போது உறுதியான இடம் எழுதி வாங்காத சிறு நிலையம், பிறகு ஒவ்வோர் ஆண்டும் வாசலில் நிற்க வேண்டிவரும் என்பதே இதன் பாடம்.

இடம் இருக்கிறது, தமிழ் எங்கே?

மலேசியாவில் 2019இல் அனலாக் நின்றபோது, மைஃப்ரீவியூ பட்டியலில் மலாய் அலைவரிசைகள் இருந்தன. செய்தி அலைவரிசை இருந்தது. வீட்டுப் பொருள் விற்கும் நிகழ்ச்சிகளுக்கும் இடம் இருந்தது. முழு நேரத் தமிழ் அலைவரிசை மட்டும் இல்லை. டிவி2இல் பங்கு வைக்கப்பட்ட நேரமும், பெர்னாமா தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்தியுமே ஏரியல் வழி தமிழர்க்குக் கிடைத்தவை.

அலைவரிசைக்கு இடம் இல்லை என்பது அனலாக் காலத்தில் நியாயமான பதில். இன்று அது செல்லாது. ஒளிபரப்பு முறையின் அமைப்பும் மாறியிருக்கிறது. முன்பு தொலைக்காட்சி தொடங்குபவர் கோபுரங்களையும் கட்ட வேண்டும். இப்போது கோபுரமும் கருவிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பில் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உள்ளடக்கச் சேவைக்கான உரிமம் பெற்று, கட்டணம் செலுத்தி அந்தக் கட்டமைப்பில் ஏறிக்கொள்ளலாம்.

மீதமிருக்கும் தடை பணம். செய்தியாளர், படப்பிடிப்பாளர், தொகுப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று சம்பளம் கொடுத்து ஆண்டு முழுதும் நிகழ்ச்சி நிரப்புவது பெருஞ்செலவு. அதனால்தான் சிங்கப்பூரைப் போல் பொதுநிதி தேவைப்படுகிறது. ஆர்டிஎம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. தமிழுக்குத் தனி வானொலியை நடத்தி வரும் அதே நிறுவனத்திடம், தமிழ்த் தொலைக்காட்சி நேரத்தை விரிவாக்கும்படி கேட்க இந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு.

கைப்பேசி போதாதா?

இப்போது எல்லாரும் கைப்பேசியில் பார்க்கிறார்களே, தொலைக்காட்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை என எல்லாவற்றையும் இன்று ஒருவர் கைப்பேசியில் நேரலையாகக் காட்ட முடிகிறது. சமூகமே நடத்தும் ஒளிபரப்பு என்பதற்கு இது மிக அருகில் வருகிறது. அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனாலும் இணையத்துக்கு டேட்டா வேண்டும்; நிலையான சிக்னல் வேண்டும்; தேடிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஏரியல் ஒளிபரப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது இது தெளிவாகத் தெரிந்தது. இணைய வசதி இல்லாத மாணவர்களையும் எட்டுவதற்காக, 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சின் டிடெக் டிவி என்டிவி7 வழி தொடங்கப்பட்டது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளையைச் சென்றடைய அன்று தொலைக்காட்சி தேவைப்பட்டது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் வழிப் பாடங்களுக்கு நிலையான தரைவழி நேரம் இருந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம், நோய்ப்பரவல், அரசாங்க உதவிக்கான விண்ணப்ப நாள் போன்ற செய்திகள், மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத முதியவர்களுக்குத் தமிழில் நேரத்தோடு கிடைக்க வேண்டும். உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைத் தவறவிடும் ஒரு பாட்டிக்கு, தமிழ்ச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. கையில் வர வேண்டிய பணம்.

ஆகவே இதில் சமூக அமைப்புகள் செய்யக்கூடியவை இரண்டு. தோட்டங்களிலும் அடுக்குமாடிகளிலும் இன்னும் படம் வராத வீடுகள் எவை என்று கோயில்களும் வட்டார இயக்கங்களும் கணக்கெடுத்து, டிகோடரும் ஏரியலும் கிடைக்க உதவலாம். அந்தக் கணக்கையே கையில் வைத்துக்கொண்டு, இலவச ஒளிபரப்பில் தமிழுக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் வேண்டும் என்று ஆர்டிஎம்மிடமும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். வாய்மொழிக் குறையைவிட, வட்டாரப் பெயரும் வீட்டு எண்ணிக்கையும் குறித்த ஒரு கடிதம் அதிகம் பேசும்.